ஒருநாள் பயணத்தில் மதியச் சாப்பாடு: புதிதாகக் கிளம்புகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பெரிய நகரத்துக்குக் குடிவந்த புதிதில், விடுமுறை நாள் என்றால் எங்காவது கிளம்பிவிடுவேன். காலையில் பஸ்ஸோ ரயிலோ பிடித்து இரண்டு மணி நேரத் தொலைவில் ஒரு மலையடிவாரம், ஒரு பழைய கோட்டை, ஒரு ஆற்றங்கரை. இருட்டுவதற்குள் வீடு. போகிற இடத்தைப் பற்றி நிறையப் படித்துவிட்டுப் போவேன். சாப்பாட்டைப் பற்றி மட்டும் யோசித்ததே இல்லை. ஊர் என்று இருந்தால் சாப்பாடு கிடைக்காமலா போகும் என்ற நினைப்பு.

ஒருமுறை கோட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டு இறங்கி வரும்போது மணி இரண்டே முக்கால். கூட வந்த தோழியின் ஆறு வயது மகள் பசியில் அழத் தொடங்கியிருந்தாள். ஊருக்குள் நன்றாக இருக்கும் என்று சொல்லியிருந்த கடையைத் தேடிப் பிடித்தோம். வாசலில் பெரிய அண்டாவைச் சாய்த்துப் போட்டு ஒரு அம்மா தேய்த்துக்கொண்டிருந்தார். உள்ளே நாற்காலிகளெல்லாம் மேசைமேல் ஏறிவிட்டன. "சாப்பாடு முடிஞ்சிடுச்சே. ஒரு மணிக்குள்ள வந்திருந்தா சுடச்சுடப் போட்டிருப்பேன்" என்றார். குழந்தையைப் பார்த்ததும் உள்ளே போய் இரண்டு வாழைப்பழம் எடுத்து வந்து கொடுத்தார், காசு வாங்கவில்லை. மற்றவர்களுக்கு அன்று மதியம் பிஸ்கட்தான்.

அந்த அம்மா சொன்னதில்தான் விஷயம் முழுக்க இருக்கிறது. நகரத்தில் இருந்து இருந்து நமக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொள்கிறது: எந்த நேரத்தில் பசித்தாலும் எங்காவது ஒரு அடுப்பு எரிந்துகொண்டிருக்கும். அங்கே லட்சக்கணக்கான பேர் ஆளுக்கொரு நேரத்தில் சாப்பிடுகிறார்கள், நாள் முழுக்கச் சமைத்தாலும் விற்றுப்போகிறது. சின்ன ஊரில் பெரும்பாலானவர்கள் வீட்டில் சாப்பிடுகிறார்கள், அதுவும் ஏறக்குறைய ஒரே நேரத்தில். கடைக்கு எத்தனை பேர் வருவார்கள் என்பது சமைக்கிறவருக்கு அத்துப்படி. அந்தக் கணக்குக்கு ஒரு தடவை சமைப்பார். தீர்ந்ததும் அடுப்பை அணைத்துவிடுவார். அதனால் வெளியூரில் எங்கே சாப்பிடுவது என்ற கேள்விக்குப் பாதிப் பதில், எத்தனை மணிக்கு என்பதில் இருக்கிறது.

1. நாளைச் சாப்பாட்டு நேரத்திலிருந்து பின்னோக்கிப் போடுங்கள்

பெரும்பாலும் எல்லாரும் பார்க்க வேண்டிய இடங்களை வரிசையாக எழுதி, நடுவில் எங்காவது சாப்பாட்டைச் செருகுவார்கள். நான் இப்போது தலைகீழாகச் செய்கிறேன். அந்த ஊரில் மதியச் சாப்பாடு எப்போது தொடங்குகிறது என்று தெரிந்துகொண்டு, தொடங்கிய முதல் ஒரு மணி நேரத்துக்குள் கடையில் உட்காருவது என்று முதலில் குறித்துவிடுகிறேன். காலையில் எத்தனை மணிக்குக் கிளம்புவது, சாப்பாட்டுக்கு முன் எதைப் பார்ப்பது, பின் எதைப் பார்ப்பது என்பதெல்லாம் அதற்கு ஏற்றபடி தானாக அமைந்துவிடும். ஏறி இறங்க வேண்டிய இடம் என்றால் காலையில். அருங்காட்சியகம், கடைத்தெரு, நிழலில் உட்காரும் இடம் என்றால் பிற்பகலில்.

முதல் ஒரு மணி நேரம் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் ருசி மட்டும் இல்லை. சமைத்த உணவை 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாகவோ 5 டிகிரிக்குக் கீழே குளிராகவோ வைக்க வேண்டும், சாதாரண வெப்பநிலையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் விடக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. வெளியே 32 டிகிரிக்கு மேல் வெயில் அடிக்கும் நாளில் ஒரு மணி நேரத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. அண்டாவில் மிச்சமிருப்பதைப் பிற்பகல் மூன்று மணிக்குத் திரும்பச் சூடாக்கித் தருகிறேன் என்று ஒருவர் அன்போடு சொன்னாலும் நான் தயங்குவேன். நேரம் தவறி வைத்த சோற்றில் பெருகும் பேசிலஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா ஒரு நச்சை உண்டாக்கும். கொதிக்க வைத்தால் பாக்டீரியா சாகலாம், அந்த நச்சு போகாது. முதல் பந்தியில் உட்காருகிறவருக்கு இந்தக் கவலையே வேண்டாம்.

2. முதல் நாளே ஒரு போன்

வரைபடத்தில் 'திறந்திருக்கிறது' என்று பச்சையில் காட்டுவதை நம்பிப் போகாதீர்கள். கடை திறந்திருக்கும் நேரம் வேறு, சமையலறை ஓடும் நேரம் வேறு. இரவு ஒன்பது வரை திறந்திருக்கும் கடையில் மூன்றிலிருந்து ஆறு வரை தேநீரைத் தவிர எதுவும் கிடைக்காமல் இருக்கலாம். வார விடுமுறையும் ஊருக்கு ஊர் மாறும். சுற்றுலா வருகிறவர்களை நம்பும் கடைகள் சனி, ஞாயிறு முழுக்க உழைத்துவிட்டு வாரத் தொடக்கத்தில் மூடுவது உண்டு. அலுவலக ஆட்களை நம்பும் கடைகளோ ஞாயிற்றுக்கிழமை மூடிவிடும்.

போனில் கேட்க வேண்டியது இவ்வளவுதான்: நாளைக்குக் கடை உண்டா, மதியச் சாப்பாடு எத்தனை மணி வரை போடுவீர்கள், நாங்கள் இத்தனை பேர் வருகிறோம், முன்னாலேயே சொல்ல வேண்டுமா? கடைசிக் கேள்வியைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். எட்டுப் பேர் சொல்லாமல் போய் நின்றால் சின்னக் கடையில் அன்றாடம் வருகிற எட்டுப் பேருக்குச் சாப்பாடு இல்லாமல் போகும். சொல்லிவிட்டால் கூடுதலாக ஒரு படி அரிசி போடுவார்கள். நமக்கும் நிம்மதி, அவர்களுக்கும் வியாபாரம். வர முடியாமல் போனால் அதையும் போன் போட்டுச் சொல்லிவிடுங்கள்.

3. இன்றைக்கு எந்த மாதிரிச் சாப்பாடு?

மிஷெலின் என்ற பிரெஞ்சு டயர் கம்பெனி 1900-இல் கார் வைத்திருப்பவர்களுக்காக ஒரு கையேடு அச்சடித்து இலவசமாகக் கொடுத்தது. ஆட்கள் அதிகமாக வெளியூர் போனால் டயர் அதிகம் தேயும் என்பதுதான் கணக்கு. பின்னாளில் அதில் உணவகங்களுக்கு நட்சத்திரம் கொடுக்கத் தொடங்கினார்கள். ஒரு நட்சத்திரத்துக்கு அந்த வகையில் நல்ல கடை என்று பொருள். இரண்டு என்றால் வழியை விட்டு விலகிப் போனாலும் தகும். மூன்று என்றால் அந்தக் கடைக்காகவே ஒரு பயணம் போகலாம். இன்று அந்த நட்சத்திரங்களைச் சுற்றி எத்தனையோ ஆரவாரம். ஆனால் அடியில் இருப்பது வழிப்போக்கருடைய கேள்விதான்: இந்தச் சாப்பாட்டுக்காக எவ்வளவு தூரம் போகலாம்?

கிளம்பும் முன் இதே கேள்வியை நீங்களும் கேட்டுக்கொள்ளுங்கள். அன்றைய நோக்கம் அருவி என்றால் வழியில் இருக்கும் சுத்தமான, எளிய கடை போதும். முப்பது கிலோமீட்டர் சுற்றிப்போய்ச் சாப்பிட்டால் அருவிக்கு நேரம் இருக்காது. சாப்பாடுதான் நோக்கம் என்றால் அன்று வேறு எதையும் பெரிதாக வைத்துக்கொள்ள வேண்டாம். இரண்டையும் ஒரே நாளில் திணித்து, வரிசையில் நின்று, அவசரமாக விழுங்கி, இருட்டுகிற நேரத்தில் அருவியின் வாசலில் போய் நின்றவர்களை எனக்குத் தெரியும். குழந்தைகளும் பெரியவர்களும் கூட வந்தால் நான் எப்போதும் முதல் வகைதான்.

4. வரைபடத்தில் தேடும் விதம்

பார்க்கப்போகும் இடத்தின் வாசலில் இருக்கும் கடைகளைக் கடைசியில் வையுங்கள். அங்கே வருகிறவர் வாழ்நாளில் ஒரு தடவை வருகிறவர், மறுபடி வரமாட்டார் என்று கடைக்காரருக்குத் தெரியும். இடத்திலிருந்து மூன்று, நான்கு கிலோமீட்டர் தள்ளி ஊர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பஸ் நிலையம், சந்தை, நீதிமன்றம், அரசு அலுவலகங்கள், லாரிகள் சரக்கு இறக்கும் இடம். தினமும் வெளியே சாப்பிட்டாக வேண்டியவர்கள் எங்கே வேலை செய்கிறார்களோ, அவர்களுக்குச் சமைக்கும் கடை அதன் பக்கத்தில்தான் இருக்கும். அந்தக் கடைக்காரர் இன்று மோசமாகச் சமைத்தால் நாளைக்கே பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

நட்சத்திர மதிப்பெண்ணைவிட எத்தனை பேர் எழுதியிருக்கிறார்கள் என்பது முக்கியம். பன்னிரண்டு பேர் மட்டும் எழுதி 4.9 வாங்கிய கடையைவிட, ஆயிரம் பேர் எழுதி 4.1 வாங்கிய கடையைத்தான் நான் நம்புவேன். 'புதியவை முதலில்' என்று வரிசை மாற்றிக் கடைசி மூன்று மாதத்தைப் படியுங்கள். சமையல்காரர் மாறிவிட்டால் பழைய புகழால் பயன் இல்லை. மூன்று நட்சத்திரம் கொடுத்தவர்கள்தான் பெரும்பாலும் உபயோகமாக எழுதுகிறார்கள்: சாப்பாடு நன்று, ஆனால் வண்டி நிறுத்த இடமில்லை, இரண்டு மணிக்குப் போனோம், பாதி தீர்ந்துவிட்டது. இந்த மாதிரி ஒரு வரி கிடைத்தால் அது போதும். கடைக்காரர் போட்ட படங்களை விட்டு, சாப்பிட வந்தவர்கள் எடுத்த படங்களைப் பாருங்கள். தட்டுக்குப் பின்னால் மேசை எப்படி இருக்கிறது, தரை எப்படி இருக்கிறது, சுவரில் எழுதியிருக்கும் விலையும் நேரமும் என்ன என்பதெல்லாம் அதில் தெரியும்.

கூகுள் மேப்ஸில் பல கடைகளுக்கு எந்த மணியில் எவ்வளவு கூட்டம் என்று சின்னக் குச்சிகளாகக் காட்டும். குச்சி உச்சிக்கு ஏறும் நேரத்துக்கு அரைமணி முன்னால் போனால் இடமும் கிடைக்கும், சூடாகவும் இருக்கும். குச்சிகள் சட்டென்று இறங்கும் நேரம், அநேகமாக அண்டா தேய்க்கும் நேரம்.

மொத்தம் இரண்டு கடைகளைக் குறித்துவையுங்கள். ஒன்று போகிற ஊரில், இன்னொன்று திரும்பும் வழியில். ஐந்தாறு குறித்தால் நடுரோட்டில் நின்று விவாதம்தான் நடக்கும். அந்தப் பகுதி வரைபடத்தை முன்கூட்டியே போனில் இறக்கிவிடுங்கள். மலைப் பக்கம் போனால் சிக்னல் இருக்காது. தன்னார்வலர்கள் சேர்ந்து 2004 முதல் உருவாக்கிவரும் ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பை வைத்து இயங்கும் செயலிகள் இணையம் இல்லாமலும் வேலை செய்யும். குடிநீர்க் குழாய், கழிப்பறை, உட்கார்ந்து சாப்பிடும் மேசை ஆகியவற்றையும் பல இடங்களில் அதில் குறித்திருக்கிறார்கள். கட்டுச்சோறு கொண்டுபோகிறவர்களுக்கு இது பெரிய உதவி.

5. ஊர் போய்ச் சேர்ந்ததும் முதலில் கடை, அப்புறம் காட்சி

இறங்கியதும் நேராகக் கடைக்குப் போய் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள். காலை பத்தரைக்கு ஒரு சின்னக் கடையில் நுழைந்தால் தெரிந்துகொள்ள நிறைய இருக்கிறது. அண்மையில் நான் போன ஒரு கடையில் நான்கே மேசை. சமையலறைக்கும் சாப்பிடும் இடத்துக்கும் நடுவே கதவு கிடையாது. ஒருவர் காய் நறுக்கிக்கொண்டிருந்தார். நறுக்கிய குவியலைப் பார்த்தாலே அன்றைக்கு என்ன என்று தெரிந்தது. அடுப்பில் ஒரே ஒரு பெரிய பாத்திரம். மூடியைத் தூக்கும்போது ஆவி முகத்தில் அடிக்க, அவர் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு கரண்டியால் ஒரு சொட்டு எடுத்துப் புறங்கையில் விட்டு நக்கிப் பார்த்தார். உடனே அந்தக் கையைக் கழுவினார். அந்தக் கழுவலைப் பார்த்ததும் எனக்கு முடிவாகிவிட்டது. பன்னிரண்டேகாலுக்கு மூன்று பேர் வருகிறோம் என்று சொல்லிவிட்டு வந்தோம். திரும்பிப் போனபோது மூலை மேசையில் மூன்று தண்ணீர் டம்ளர் வைத்திருந்தார்கள்.

எதைப் பார்க்க வேண்டும் என்றால்: கை கழுவும் இடத்தில் தண்ணீரும் சோப்பும் இருக்கிறதா? மேசை துடைக்கும் துணி என்ன நிறத்தில் இருக்கிறது? கழிப்பறை எப்படி? வாடிக்கையாளர் பார்க்கும் கழிப்பறையையே கவனிக்காதவர்கள் அவர் பார்க்காத சமையலறையை எப்படி வைத்திருப்பார்கள் என்று யோசியுங்கள். பட்டியல் சின்னதாக இருப்பது நல்ல அறிகுறி. கூட்டமே இல்லாத கடையில் நூறு வகை எழுதியிருந்தால் பாதி குளிர்ப்பெட்டியிலிருந்துதான் வர வேண்டும். ரோட்டில் நின்று கையைப் பிடித்து அழைக்கிற இடத்துக்கு நான் போவதில்லை. வேலை உடுப்போடு உள்ளூர் ஆட்கள் பேச்சு மூச்சில்லாமல் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் இடம் என்றால் யோசிக்காமல் உட்காருவேன்.

உட்கார்ந்ததும் "இன்னைக்கு என்ன செஞ்சிருக்கீங்க?" என்று கேளுங்கள். பட்டியலைப் பார்த்து ஆளுக்கொன்றாகச் சொன்னால் ஒரே அடுப்பில் ஒவ்வொன்றாக வந்து, முதலில் சாப்பிட்டவர் கடைசி ஆளுக்காகக் காத்திருக்க நேரிடும். ஆற்றங்கரையில் நல்ல காட்சியோடு இருந்த ஒரு கடையில் ஐந்து பேர் ஐந்து விதமாகச் சொல்லிவிட்டு ஒன்றேகால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். கடைசித் தட்டு வந்தபோது திரும்பும் பஸ் போய்விட்டது. காட்சிக்காக அங்கே தேநீர் குடித்திருந்தால் போதும்.

கையில் கொஞ்சம் ரொக்கம் இருக்கட்டும். கார்டு இயந்திரமும் போன் வழிப் பணமும் சிக்னல் இல்லாத இடத்தில் உதவாது.

ஒவ்வாமை இருப்பவர்கள் 'இது இருக்கிறதா' என்று கேட்பதோடு நிறுத்தாமல், அதே எண்ணெயில், அதே கரண்டியில் செய்தீர்களா என்றும் கேட்க வேண்டும். மொழி தெரியாத பகுதி என்றால் அங்குள்ள மொழியில் அதை ஒரு சீட்டில் எழுதி வைத்துக்கொண்டு சமைக்கிறவர் கையிலேயே கொடுங்கள். சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ ரத்தச் சர்க்கரையை மிகவும் இறக்கிவிடக்கூடிய சில மாத்திரைகளோ எடுப்பவர்களுக்குச் சாப்பாடு தள்ளிப்போனால் சிக்கல் வரலாம். பையில் எப்போதும் 15 கிராம் அளவுக்குச் சர்க்கரை, குளுக்கோஸ் மாத்திரை அல்லது ஒரு சின்னப் பழச்சாறு வேண்டும். கை நடுங்கி வியர்த்தால் அதைச் சாப்பிட்டு, 15 நிமிடம் பொறுத்து மறுபடி பார்க்க வேண்டும்.

6. பையில் இருக்க வேண்டியது

கடை மூடியிருக்கிற நாளும் வரும். அதற்காக ஒரு வேளையைத் தாங்கும் அளவு பையில் வைத்துக்கொள்ளுங்கள். வறுத்த கடலை மாதிரிக் கெட்டுப்போகாதது, ரொட்டி, தோல் உரித்துச் சாப்பிடும் பழம், தண்ணீர். வீட்டிலிருந்து சமைத்துக் கொண்டுபோவதென்றால் ஈரம் குறைந்ததாகச் செய்து, ஆறவிட்டுக் கட்டி, அதையே முதலில் தின்று தீர்த்துவிடுங்கள். அதே இரண்டு மணி நேரக் கணக்கு இங்கேயும் உண்டு. அதற்கு மேல் போகும் என்றால் பனிக்கட்டி போட்ட பெட்டி வேண்டும்.

இரண்டு பொட்டலம் ஓஆர்எஸ் எடை ஒன்றும் இல்லை. அது இல்லாமல் யாருக்காவது வயிற்றுப்போக்கு வந்துவிட்டால், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டி ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம். உப்பு அளவு கூடிவிடக் கூடாது. ரத்தம் போனாலோ, காய்ச்சல் அடித்தாலோ, குழந்தை சோர்ந்து படுத்தாலோ பயணத்தை விட்டுவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

பையிலும் இல்லை, கடையும் இல்லை என்றால் பஸ் ஓட்டுநர்களிடமோ நடத்துநர்களிடமோ கேளுங்கள். தினமும் அந்த வழியில் சாப்பிடுகிறவர்கள் அவர்கள். எந்தக் கடையில் இந்நேரத்துக்கும் அடுப்பு எரியும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். எனக்கு இரண்டு தடவை அப்படித்தான் நல்ல சாப்பாடு கிடைத்தது.

7. திரும்பும் வழி

வண்டி ஓட்டுகிறவர் மதியம் வயிறு முட்டச் சாப்பிடக் கூடாது. சாப்பாடு இல்லாவிட்டாலும் பிற்பகல் இரண்டு முதல் நான்கு மணிக்குள் உடம்பு தானாகவே தூக்கத்துக்கு இழுக்கும். கனமான சாப்பாடும் சேர்ந்தால் ஆபத்து. கண் சொருகினால் ஓரமாக நிறுத்தி, ஒரு காபி குடித்துவிட்டு 15 நிமிடம் கண்ணை மூடுங்கள். காபி வேலை செய்யத் தொடங்க ஏறக்குறைய அவ்வளவு நேரம் ஆகும், எழுந்திருக்கும்போது இரண்டும் சேர்ந்து கைகொடுக்கும்.

இரவுச் சாப்பாட்டை வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். விடுமுறை முடிகிற மாலையில் நகரத்துக்குள் நுழையும் சாலை எப்படி நிற்கும் என்று உங்களுக்கே தெரியும். நெரிசல் தொடங்கும் இடத்துக்கு முன்னால், நீங்கள் குறித்து வைத்த அந்த இரண்டாவது கடையில் ஆறரை மணிக்கே உட்கார்ந்துவிடுங்கள். இங்கேயும் அதே கதைதான், அப்போதுதான் மாலை அடுப்பு பற்ற வைத்திருப்பார்கள், முதலில் இறக்குவது உங்களுக்கு வரும். சாப்பிட்டு எழும்போது சாலையும் கொஞ்சம் தளர்ந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து படுக்கும் முன் வரைபடத்தில் அந்தக் கடைமேல் ஒரு குறிப்புப் போட்டுவிடுங்கள்: எத்தனை மணிக்குப் போனோம், எது தீர்ந்திருந்தது, எந்தக் கிழமை விடுமுறை, போன் எண். நான் கோட்டை ஊர்க் கடைக்கு எழுதியிருப்பது இது: "பன்னிரண்டுக்குத் தொடங்குவார்கள், ஒன்றரைக்கு மேல் போகாதே. அந்த அம்மாவுக்கு வாழைப்பழம் வாங்கிப் போ."